நேற்று நான் போ பெய்ஜிங்: சீன மொழிக்காரர் ஆங்கிலம் பழகும் விதம்

‘யெஸ்டர்டே ஐ கோ டு பெய்ஜிங்.’ சீனாவில் ஒரு பள்ளி மாணவரின் ஆங்கில நோட்டில் இப்படி ஒரு வரி இருந்தால், ஆசிரியர் ‘கோ’வைச் சுழித்து மேலே ‘வென்ட்’ என்று எழுதுவார். மாணவருக்கு அது தெரியாது என்று நினைக்க வேண்டாம். எழுப்பி நிறுத்திக் கேட்டால் கோ, வென்ட், கான் என்று மூன்றையும் ஒப்பித்துவிடுவார். அடுத்த வாரக் கட்டுரையில் பார்த்தால் அதே ‘கோ’ மறுபடியும் வந்து உட்கார்ந்திருக்கும்.

விதி தெரிந்தவர் ஏன் அதே இடத்தில் வழுக்குகிறார்? கவனக்குறைவு என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் கோடிக்கணக்கான பேர் ஒரே இடத்தில் கவனம் தவறுவார்களா? சீன மொழி பேசுகிறவர் ஆங்கிலத்தில் செய்யும் தவறுகளில் பல சீன இலக்கணத்தை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருபவை. அந்த இடங்கள் எவை என்று தெரிந்துகொண்டு அங்கே மட்டும் பயிற்சியைக் குவித்தால் வேலை பாதியாகிவிடும். பொதுவான இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை உழுவதில் அவ்வளவு பலன் இல்லை.

முதலில் வினைச்சொல். தமிழில் வினையைத் தொட்டாலே காலம் ஒட்டிக்கொள்ளும்: போனேன், போகிறேன், போவேன். யார் போனார் என்பதும் கூடவே வந்துவிடும். மாண்டரின் சீனத்தில் வினைச்சொல் எதற்கும் வடிவம் மாறாது. ‘நேற்று நான் போ பெய்ஜிங்’, ‘நாளை அவர்கள் போ பெய்ஜிங்’ என்று இரண்டிலும் ‘போ’ என்பதற்கு ஒரே ‘ச்சூ’தான். எப்போது என்பதை ‘நேற்று’, ‘நாளை’ ஆகிய சொற்களே சொல்லிவிட்டன. வினையும் ஏன் அதையே திரும்பச் சொல்ல வேண்டும்? சீன மொழியின் கணக்கு இது. யோசித்துப் பார்த்தால் நியாயமான கணக்கும்கூட.

‘லெ’ என்று ஒரு சிறு சொல் வினைக்குப் பின்னால் வரும். அதைத்தான் பல மாணவர்கள் ஆங்கில இறந்தகாலத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்கிறார்கள். குழப்பம் அங்கே இன்னும் கூடுகிறது. ‘லெ’ காலத்தைக் காட்டுவதில்லை, செயல் முடிந்ததைக் காட்டுகிறது. ‘நாளை சாப்பிட்டு முடித்ததும் போகிறேன்’ என்பதிலும் ‘சாப்பிடு’வுக்குப் பின் ‘லெ’ வரும், நடக்கப்போவது நாளைக்கு என்றாலும். மறுபக்கம், ‘சின்ன வயதில் நான் தினமும் நீந்தப் போவேன்’ என்ற பழைய கதையில் ‘லெ’ வராது. ஆகவே ‘லெ’ இருந்தால் இறந்தகாலம், இல்லாவிட்டால் நிகழ்காலம் என்று மனதுக்குள் பெயர்த்து எழுதுகிறவர் இரண்டு இடத்திலும் தவறுவார்.

இதற்கு வாய்பாட்டை இன்னும் பத்துத் தடவை படிப்பது மருந்தாகாது. வாய்பாடு ஏற்கெனவே மனப்பாடம். பழக வேண்டியது, ஒவ்வொரு வினைச்சொல்லிலும் நின்று ‘இது எப்போது நடந்தது’ என்று கேட்கும் வழக்கம். தன் தினசரி வேலைகளைப் பற்றி நிகழ்காலத்தில் ஒரு பத்தி எழுதி, அதையே ‘நேற்று’ என்று தொடங்கி முழுவதும் மாற்றி எழுதலாம். அப்புறம் அண்ணனைப் பற்றிய பத்தியாக மாற்றினால், ஆங்கிலத்தில் படர்க்கை ஒருமைக்கு ஒட்டும் அந்த ‘ஸ்’ஸுக்கும் பயிற்சியாகிவிடும். எழுதி முடித்த கட்டுரையைத் திரும்பப் பார்க்கும்போதும் எல்லாப் பிழையையும் ஒரே மூச்சில் தேடக் கூடாது. ஒரு சுற்று வினைச்சொற்களை மட்டும் விரல் வைத்துப் பார்ப்பது, அடுத்த சுற்று பெயர்ச்சொற்களை மட்டும் பார்ப்பது. அலுப்பான வேலைதான், ஆனால் பலிக்கும்.

இதில் காதுக்கும் பங்கு உண்டு. மாண்டரினில் ஓர் அசை உயிரொலியில் முடியும், இல்லாவிட்டால் ‘ன்’, ‘ங்’ போன்ற மூக்கொலியில் முடியும், சில இடங்களில் ‘ர்’ வரும். அதற்கு மேல் கிடையாது. ஆங்கிலமோ தன் இலக்கணத்தைச் சொல்லின் வாலில், அதுவும் அடுக்கு மெய்யெழுத்துகளில் கொண்டுபோய் ஒளித்து வைக்கிறது. ‘வாக்ட்’, ‘ஆஸ்க்ஸ்’, ‘ஃப்ரெண்ட்ஸ்’. சீனக் காதுக்கு அந்த வால் சரியாக விழுவதில்லை. விழாததை வாய் சொல்வதில்லை, வாய் சொல்லாததைக் கை எழுதுவதில்லை. நம் ஊரில் ‘புக்கு’, ‘பஸ்ஸு’ என்று பின்னால் ஓர் உகரத்தைச் சேர்த்துச் சமாளிக்கிறோம். நமக்கு அந்த மெய்யெழுத்தாவது பிழைத்துக்கொள்கிறது. ஆகவே சத்தம் போட்டு வாசிப்பது, சொல்லின் கடைசி ஒலியை வேண்டுமென்றே அழுத்தி வாசிப்பது, சீன மாணவருக்கு இலக்கணப் பயிற்சியாகவும் ஆகிறது. சீனப் பள்ளிகளில் ‘காலை வாசிப்பு’ என்று முதல் பாடவேளைக்கு முன் எல்லோரும் உரக்கப் படிக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. கல்லூரி வளாகங்களில் மரத்தடியில் நின்று தனியாகச் சத்தமாக ஆங்கிலம் படிக்கிறவர்களையும் பார்க்கலாம். அந்த நேரத்தை வேகமாக ஒப்பிப்பதில் கழிக்காமல் வால்களைக் கவனிப்பதில் செலவிட்டால் நன்மை அதிகம்.

அடுத்தது, ஆங்கிலப் பெயர்ச்சொல்லின் முன்னால் வரும் ‘எ’, ‘த’ விவகாரம். இதில் தமிழரும் சீனரும் ஒரே படகு: இரு மொழியிலும் அந்தச் சொற்கள் இல்லை. சொற்கள் இல்லையே தவிர, அந்தக் கருத்து சீனத்தில் இருக்கிறது. ‘விருந்தாளி வந்தாச்சு’ என்று பெயர் முன்னால் வரும்படி சொன்னால், நாம் எதிர்பார்த்திருந்த விருந்தாளி. ‘வந்தாச்சு விருந்தாளி’ என்று வினை முன்னால் வந்தால், யாரோ ஒருவர், எதிர்பாராமல். இடத்தை மாற்றினாலே போதும், ஆங்கிலத்தின் ‘த கெஸ்ட்’டும் ‘எ கெஸ்ட்’டும் பிரிந்துவிடுகின்றன. தமிழில் இதே வேலையைப் பல நேரம் ‘ஐ’ உருபு செய்கிறது. ‘புத்தகம் வாங்கினேன்’ என்றால் ஏதோ ஒரு புத்தகம், ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்றால் கேட்பவருக்குத் தெரிந்த அந்தப் புத்தகம்.

நதிகளின் பெயருக்கு முன்னால் ‘த’ வரும், நாடுகளுக்கு வராது, இசைக்கருவிக்கு வரும், விளையாட்டுக்கு வராது என்று பட்டியல் போட்டுப் படிக்கும் முறை சீன வகுப்பறைகளில் நெடுங்காலமாக உண்டு. அது தேர்வில் ஓரிரு கேள்விக்கு உதவும். எழுத்துக்கு உதவுவது ஒரே கேள்விதான்: ‘எந்த விருந்தாளி என்று படிக்கிறவருக்கு ஏற்கெனவே தெரியுமா?’ இந்தக் கேள்வியைச் சீன மாணவர் தன் மொழியில் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார், அவரே அறியாமல். அதை ஆங்கிலப் பெயர்ச்சொல்லின் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவதே பயிற்சி. ஆங்கிலப் பத்தி ஒன்றில் ‘எ’, ‘த’ எல்லாவற்றையும் அழித்துவிட்டு, மறுநாள் நிரப்பிப் பார்ப்பது நல்ல வழி. இது கடைசியாகக் கைகூடும் விஷயம், ஆரம்பத்தில் இதற்காகத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பன்மையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். சீனத்தில் எண்ணுக்கும் பொருளுக்கும் நடுவே ஓர் அளவைச் சொல் கட்டாயம்: புத்தகத்துக்கு ‘பென்’, மேசை, காகிதம், டிக்கெட் போன்ற தட்டைப் பொருள்களுக்கு ‘ஜாங்’, ஆறு, மீன், காற்சட்டை போன்ற நீளமானவற்றுக்கு ‘தியாவ்’. எண் இருக்கிறது, அளவைச் சொல் இருக்கிறது, பெயர்ச்சொல் அப்படியே இருக்கும். ‘மூணு புத்தகம் குடுங்க’ என்று கடையில் கேட்கும் நமக்கு அதில் வியப்பேதும் இருக்காது.

இரட்டை இணைப்புச் சொற்கள் வேறு கதை. ‘ஆல்தோ இட் ரெய்ன்ட், பட் வி வென்ட் அவுட்.’ சீனத்தில் ‘இருந்தாலும்’ என்று தொடங்கினால் ‘ஆனால்’ என்று முடிப்பதே நடை. ‘ஏனென்றால்’ வந்தால் பெரும்பாலும் ‘ஆகவே’யும் கூடவே வரும். ஆங்கிலத்துக்கு ஒன்று போதும். இந்த ஒரு பிழை மட்டும் சொன்னவுடன் திருந்திவிடும், ஒரு வாரத்தில்.

இனி வாசிப்பு. ஆங்கில வாசிப்பில் சீன மாணவரை அதிகம் படுத்துவது நீண்ட வாக்கியம். சீனத்தில், தமிழில் போலவே, விளக்கம் முன்னால் வந்து பெயர் பின்னால் வரும். ‘நேற்று நான் கடைத்தெருவில் வாங்கிய புத்தகம்’ என்பதைச் சீனத்திலும் அதே திசையில்தான் சொல்வார்கள், ‘வாங்கிய’ என்பதில் நாம் செய்வதை அங்கே ‘தெ’ என்ற சொல் செய்கிறது. ஆங்கிலத்தில் புத்தகம் முன்னால் வந்துவிடும், அதைப் பற்றிய செய்திகள் ‘விச்’, ‘தட்’ என்று வால் பிடித்து நீளும். வால் நீள நீள, எழுவாய் எது, அதற்குரிய வினை எது என்பதே மறந்துபோகும்.

இப்படிப்பட்டதைச் சீன ஆசிரியர்கள் ‘நீளமான கடின வாக்கியம்’ என்றே அழைக்கிறார்கள், அதைப் பிரிக்க ஒரு முறையும் வைத்திருக்கிறார்கள். பல்கலைக்கழக மேற்படிப்புத் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு இது தனிப் பாடம். முதலில் வாக்கியத்தின் முதன்மை வினையைக் கண்டுபிடித்து அடிக்கோடு போடுவது, பிறகு அதன் எழுவாய், பிறகு ஒவ்வொரு துணை வாக்கியத்தையும் அடைப்புக்குறிக்குள் போட்டுத் தள்ளிவைப்பது. மிஞ்சியதைப் படித்தால் எலும்புக்கூடு தெரியும். நல்ல முறை, தொடக்கத்தில் அவசியமும்கூட. ஆனால் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் பிரித்து, சீன வரிசைக்குத் திருப்பி அடுக்கி, அதற்குப் பிறகே புரிந்துகொள்வது என்று ஆகிவிட்டால் வாசிப்பு நடக்காது, மொழிபெயர்ப்புதான் நடக்கும். ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகும். ஆகவே கடினமான ஒரு பத்தியைப் பிரித்துப் பார்ப்பதோடு, அகராதி தேவைப்படாத அளவுக்கு எளிதான கதைகளை நிறையப் படிப்பதும் கூடவே நடக்க வேண்டும். தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இதை நேர விரயம் என்று ஒதுக்குகிறார்கள். நான் நேர்மாறாகச் சொல்வேன்.

சொல் மனப்பாடம் பற்றியும் ஒரு வார்த்தை. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கு 3,500 சொற்கள் என்பது சீன மாணவர்களிடையே மந்திரம் போலப் புழங்கும் எண். அகர வரிசையில் அச்சான சொற்பட்டியலில் தொடக்கத்திலேயே வருவது பெரும்பாலும் ‘அபேண்டன்’, அதாவது ‘கைவிடு’. புத்தகத்தைத் திறந்ததும் ‘கைவிடு’ என்கிறது, மாணவரும் கைவிட்டுவிடுகிறார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த நகைச்சுவை. ஆங்கிலத்துக்கும் சீனத்துக்கும் ஒரே மூலத்திலிருந்து வந்த சொற்கள் மிகக் குறைவு என்பதால் சொல் சேர்ப்பது அவர்களுக்கு உண்மையிலேயே கடினம். ஆனாலும் பட்டியலாகச் சேர்த்த சொல் வாசிப்பில் அடையாளம் தெரியும், எழுதும்போது கைக்கு வராது.

அந்த நுழைவுத் தேர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும், சீனாவில் ஆங்கிலப் பயிற்சியின் வடிவத்தை அதுதான் தீர்மானிக்கிறது. ‘காவோகாவோ’ என்பது அதன் பெயர், ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் நடக்கிறது. சீனமும் கணிதமும் போலவே ஆங்கிலத்துக்கும் 150 மதிப்பெண். 2001 முதல் தொடக்கப் பள்ளி மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் தொடங்கும் ஏற்பாடு வந்தது. இன்று பல மாகாணங்கள் பயன்படுத்தும் புதிய வினாத்தாளில் கேட்டலுக்கு 30, வாசிப்புக்கு 50, கோடிட்ட இடம் நிரப்புவதற்கு 30, எழுத்துக்கு 40 என்று மதிப்பெண் பிரிகிறது.

கோடிட்ட இடத்தில் ஒரு பகுதி முழுக்க இலக்கணம். ஒரு சிறிய பத்தியில் பத்து இடங்கள் காலியாக இருக்கும். சில இடங்களில் சொல்லின் மூல வடிவத்தைக் கொடுத்திருப்பார்கள், மாணவர் அதைக் காலத்துக்கோ எண்ணுக்கோ ஏற்ப மாற்ற வேண்டும். மற்ற இடங்களில் எந்தக் குறிப்பும் இராது. அங்கே வருவது ‘எ’, ‘த’, முன்னிடைச்சொல், இணைப்புச் சொல் போன்றவை. கவனித்தால் தெரியும், சீன மொழியில் இல்லாத அல்லது வேறு விதமாக இருக்கும் இடங்களைத்தான் இந்தக் கேள்வி குறிவைக்கிறது. பழைய வினாத்தாளில் இருந்த இன்னொரு பயிற்சி எனக்கு இதைவிடப் பிடிக்கும்: பத்துப் பிழைகள் உள்ள ஒரு குட்டிக் கட்டுரையைக் கொடுத்துத் திருத்தச் சொல்வார்கள். புதிய தாளில் அது இல்லை. தேர்வில் இல்லாவிட்டால் என்ன, தன் எழுத்தைத் தானே திருத்தக் கற்க அதைவிட நல்ல வழி குறைவு.

எழுத்துக்கு வருவோம். சீன மாணவரின் ஆங்கிலக் கட்டுரையில் உடனே கண்ணில் படுவது காற்புள்ளி. சீனத்தில் ஒரு கருத்து முடியும் வரை முழு வாக்கியங்களையே காற்புள்ளி போட்டு அடுக்கிக்கொண்டே போகலாம், கடைசியில் ஒரு சிறு வட்டம் முற்றுப்புள்ளியாக வரும். ‘வானம் இருட்டியது, காற்று அடித்தது, நாங்கள் வீட்டுக்கு ஓடினோம், கதவு பூட்டியிருந்தது.’ சீனத்தில் இது அழகான ஒரே வாக்கியம். ஆங்கில ஆசிரியருக்கு இது நான்கு வாக்கியங்களின் விபத்து. ஆகவே எழுதி முடித்த பின் ஒவ்வொரு காற்புள்ளியிலும் நின்று, இரு பக்கமும் தனி எழுவாயும் வினையும் இருக்கின்றனவா என்று பார்க்கப் பழக வேண்டும். இருந்தால் முற்றுப்புள்ளி வை, அல்லது இணைப்புச் சொல் போடு.

அப்புறம் வார்ப்புருக்கள். ‘வித் த டெவலப்மென்ட் ஆஃப் சொசைட்டி’ என்று தொடங்கி, ‘எவ்ரி காயின் ஹாஸ் டூ சைட்ஸ்’ என்று நடுவில் திரும்பி முடியும் கட்டுரைகளைச் சீன விடைத்தாள்கள் எத்தனையோ கண்டுவிட்டன. இலக்கணப் பிழை வராது என்ற பாதுகாப்புக்காக மனப்பாடம் செய்யப்படுபவை இவை. கையெழுத்திலும் இந்தப் பாதுகாப்பு உண்டு. ஹபெய் மாகாணத்தின் ஹெங்ஷுய் உயர்நிலைப் பள்ளியின் பெயரால் ‘ஹெங்ஷுய் பாணி’ என்று ஒன்று புழங்குகிறது, அச்சடித்தது போல உருண்டையாக, எழுத்துக்கு எழுத்து ஒரே அளவில். அதைப் பழகவே தனிப் பயிற்சி ஏடுகள் விற்கின்றன. திருத்துபவரின் கண்ணுக்கு இதமாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் வார்ப்புருவுக்குள் எழுதுகிறவர் தன் பிழைகளைச் சந்திப்பதே இல்லை. சந்திக்காத பிழை எப்படித் திருந்தும்?

சீன மாணவர்களின் கட்டுரை சுற்றிச் சுற்றிப் போகும், நேராகப் பொருளுக்கு வராது என்று ஒரு கருத்தும் உண்டு. 1966-ல் ராபர்ட் கப்லான் என்ற அமெரிக்க மொழியியலாளர் வெவ்வேறு பண்பாட்டினர் பத்தி எழுதும் விதத்தைச் சிறு கோட்டுப் படங்களாக வரைந்தார். கிழக்காசியர்களுக்கு அவர் வரைந்தது உள்நோக்கிச் சுருளும் ஒரு சுழல். படம் புகழ்பெற்றது, கண்டனமும் நிறையப் பெற்றது. மாணவர் கட்டுரை சுற்றுவதற்குப் பண்பாட்டைவிட, சொல்ல வேண்டியதற்குச் சொல் கிடைக்காததே பெரும்பாலும் காரணம் என்பது என் எண்ணம்.

வார்ப்புருவுக்கு மாற்றாக வந்த ஒரு பயிற்சி எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. குவாங்தோங் வெளிநாட்டு மொழிகள் பல்கலைக்கழகத்தின் வாங் சுமிங் முன்னெடுத்தது. ஒரு கதையைப் பாதியில் நிறுத்திக் கொடுப்பார்கள், மாணவர் வாசித்துவிட்டு மீதியை எழுத வேண்டும். 2016-ல் செஜியாங் மாகாணத்தின் நுழைவுத் தேர்வில் இது முதலில் இடம்பெற்றது, பிறகு மற்ற மாகாணங்களுக்கும் பரவியது. இன்றைய தாளில் 25 மதிப்பெண், எழுத வேண்டியது சுமார் 150 சொற்கள். இரண்டு பத்திகளின் முதல் வாக்கியம் கொடுக்கப்பட்டிருக்கும். இதன் சூட்சுமம் எளியது: இப்போதுதான் வாசித்த பத்தியின் காலம், சொற்கள், வாக்கிய அமைப்பு எல்லாம் கண் முன்னால் இருக்கின்றன. கதை இறந்தகாலத்தில் போனால் தொடர்ச்சியும் இறந்தகாலத்தில்தான் போக வேண்டும். முன்னால் ‘எ டாக்’ என்று வந்த நாய் இனி ‘த டாக்’. இலக்கணமும் வாசிப்பும் எழுத்தும் ஒரே மேசையில் வந்து சேர்ந்துவிடுகின்றன. வீட்டில் தனியாகச் செய்யவும் எளிது. ஏதாவது ஒரு சிறுகதையைப் பாதியில் மூடிவைத்து எழுத வேண்டியது, பின் அசல் எப்படிப் போகிறது என்று ஒப்பிட வேண்டியது, அவ்வளவுதான். இந்தத் தேர்வுக்கும் மனப்பாட வரிகள் வந்துவிட்டன என்பது வேறு விஷயம். கண்ணீர் முத்துமாலையாக உருளும் வாக்கியம் எந்தக் கதையிலும் பொருந்துமாறு தயாராக இருக்கும்.

கல்லூரி போன பிறகு சந்திக்கும் நான்காம் நிலை ஆங்கிலத் தேர்வில் இன்னொரு நல்ல பயிற்சி உண்டு. 1987 முதல் நடக்கும் இந்தத் தேர்வில், 2013 டிசம்பரிலிருந்து ஒரு முழுச் சீனப் பத்தியை ஆங்கிலத்தில் பெயர்க்க வேண்டியிருக்கிறது. தேநீர், காகிதம், வசந்த விழா என்று சீன வாழ்க்கையைப் பற்றிய பத்திகள் வரும். சீன மூலத்தில் எழுவாய் இல்லாத வாக்கியம் தாராளமாக இருக்கும், காலம் இராது, பன்மை இராது. ஆங்கிலத்தில் எழுதும்போது யார் செய்தார், எப்போது, ஒன்றா பலவா என்று ஒவ்வொன்றையும் மாணவரே முடிவு செய்தாக வேண்டும். இரு மொழிகளும் எங்கெங்கே ஒத்துப்போகவில்லை என்பதை அரை மணி நேரத்தில் காட்டிவிடும் கேள்வி அது. எண்களிலும் ஒரு சிக்கல் வரும். சீனத்தில் பெரிய எண்களின் அடிப்படை ‘வான்’, அதாவது பத்தாயிரம். பத்து வான் சேர்ந்தால் நம் லட்சம். ‘மில்லியன்’ என்று எழுத அவர்கள் நூறு வானைத் தேட வேண்டும், நாம் பத்து லட்சத்தைத் தேடுவது மாதிரி.

‘ஹி’, ‘ஷி’ குழப்பத்தை விட்டுவிட்டேன். பேச்சு மொழியில் அவன், அவள், அது மூன்றும் ‘தா’தான். எழுத்தில் ‘அவள்’ என்பதற்குத் தனி எழுத்து வந்தது கடந்த நூற்றாண்டில், 1920-ஐ ஒட்டி, அதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் லியூ பன்னோங். எழுத்தில் பிரித்துப் பழகியதால் சீன மாணவர்கள் எழுதும்போது இந்தத் தவறு குறைவு, பேசும்போது மட்டும் அம்மா ‘ஹி’ ஆகிவிடுவார். இத்தனைக்கும் சரளமாகப் பேசுகிறவர்களுக்கும் இது நேரும். எழுத்துப் பயிற்சியில் இதற்காக நேரம் ஒதுக்க வேண்டாம். ஓர் அண்ணனும் தங்கையும் வரும் கதையைப் படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, நண்பரிடம் வாயால் திரும்பச் சொல்லிப் பார்க்கலாம். எத்தனை தடவை மாறியது என்று அந்த நண்பர் எண்ணட்டும்.